தம்பி கல்யாணத்துக்கு ஒரு வாய்தா

விவாகரத்து வாங்க எவ்வளவு நாள் ஆகும் என்று என்னிடம் இதுவரை நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். யாரும் தனக்காகக் கேட்பதில்லை, தெரிந்த பெண் ஒருத்திக்காகத்தான் கேட்பார்கள். போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி கேட்டாள். அவளும் தெரிந்த பெண்ணுக்காகத்தான் கேட்டாள், ஆனால் கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு பேரும் சம்மதிச்சுப் போனா எட்டு மாசம்னு வக்கீல் சொல்லுவாரு" என்றேன்.

"உங்களுக்கு எவ்வளவு ஆச்சுக்கா?"

"ரெண்டு வருஷம் எட்டு மாசம்."

"ஏன்க்கா அவ்வளவு?"

"நடுவுல எங்க வீட்ல ஒரு கல்யாணம் வந்துச்சு."

அவளுக்கு விளங்கவில்லை. எனக்கே விளங்க ரொம்ப நாள் ஆயிற்று.

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. பதினான்கு வருஷமாக அதே அறைதான். நெஞ்சு எக்ஸ்ரே என்றால் கழுத்தில் ஒரு பொட்டுத் தங்கம்கூட இருக்கக் கூடாது. வருகிற பெண்கள் சங்கிலியைக் கழற்றிவிடுவார்கள், தாலி என்றதும் கை நின்றுவிடும். "ஒரு நிமிஷந்தாம்மா, நானே திரும்பப் போட்டு விடுதேன்" என்று சொல்லித்தான் கழற்ற வைப்பேன். அதற்கென்றே சின்ன எவர்சில்வர் தட்டு ஒன்று வைத்திருக்கிறேன். படம் எடுத்ததும் பின்னால் நின்று போட்டு விடுவேன், கயிறு அவிழ்ந்திருந்தால் முடிச்சும் போடுவேன். என் கழுத்தில் தாலி இருந்த காலத்திலும் போட்டேன், இல்லாத காலத்திலும் போடுகிறேன். இதுவரை ஒருத்தியும் திரும்பி என் கழுத்தைப் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரராக இருந்தவருக்குச் சிவகிரியில் டிராக்டர் உதிரிபாகக் கடை. அங்கிருந்துதான் தினமும் பஸ்ஸில் வேலைக்கு வந்துபோனேன். அவர் என்னை அடித்தார், குடித்தார் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. ஆறு வருஷம் ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக வாடகைக்கு இருந்தது போல இருந்தோம். குழந்தை இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து, "உன்னப் பாத்தா எனக்குக் கோவங்கூட வர மாட்டேங்கு" என்றார். சண்டை போட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். மறுவாரம் பெட்டியை எடுத்துக்கொண்டு தென்காசிக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பைக்கில் கொண்டுவந்து விட்டார்.

ஒரு வருஷம் பிரிந்து இருந்த பிறகுதான் மனுப் போட முடியும் என்றார்கள். இருந்தோம். மனுவில் கையெழுத்துப் போடப் போன நாள் நல்ல சாரல். வக்கீல் ஆபீஸ் வாசலில் அவர் நின்றார், தலையில் எண்ணெய், கையில் ஒரு துணிப்பை. எட்டு இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார், எட்டு இடத்தில் நான் போட்டேன். முடிந்ததும் பைக்குள்ளிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இம்புட்டுத் தூரம் வந்தாச்சு. ஐந்தருவில தண்ணி நல்லா விழுதாம். ஒரு குளி குளிச்சிட்டுப் போறேன்."

நீயும் வருகிறாயா என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். ஆனால் கேட்கவில்லை என்பதை மனசு குறித்துக்கொண்டது. கையெழுத்துப் போட்டபோது வராத அழுகை அந்தத் துண்டைப் பார்த்ததும் வந்தது.

வக்கீல் அண்ணாச்சி நிதானமான மனிதர். சட்டத்தை எனக்குச் சமையல் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னார். மனு நம்பர் ஆக ஒரு மாசம். ரெண்டு பேரும் போய் ஒரு தடவை ஜட்ஜ் முன்னால் சொல்லணும். அப்புறம் ஆறு மாசம் சும்மா இருக்கணும், மனசு மாறுதா என்று பார்க்கத்தான் அந்த ஆறு மாசம். மறுபடி போய், மாறவில்லை என்று சொன்னால் தீர்ப்பு.

"ஆறு மாசத்தக் குறைக்க முடியாதா அண்ணாச்சி?"

"முடியும்மா. அதுக்கு ஒரு மனுப் போடணும். அந்த மனு முடிய ஆறு மாசம் ஆவும்." சிரிக்காமல்தான் சொன்னார்.

அந்த ஆறு மாதத்தில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். அம்மா சொன்னதற்காகத் தாலியைக் கழற்றாமல் இருந்தேன். ஒரு நாள் வயதான அம்மா ஒருவரை எந்திரத்தின் முன்னால் நிறுத்தி, "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். படம் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், "விடுங்க" என்று சொல்லவே மறந்துவிட்டேன். "ஏ பிள்ள, விடட்டுமா? உசுரு போயிரும் போல இருக்கு" என்று அவரே கேட்டார்.

இதற்குள் தம்பிக்குப் பெண் அமைந்துவிட்டது. செங்கோட்டைப் பெண்.

தம்பி எனக்கு ஒன்பது வயது இளையவன். அவன் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா போய்விட்டார். அவனைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டது, பல் விழுந்தபோது கூரையில் எறிந்தது, கல்லூரிக்கு அப்ளிகேஷன் எழுதியது எல்லாம் நான்தான். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியை வைத்து முதல் முடிச்சைப் போடுவான். மற்ற இரண்டு முடிச்சையும் அவன் கூடப்பிறந்தவள் போடுவாள். என் கல்யாணத்தில் என் நாத்தனார் போட்டாள். கெட்டிமேளத்தில் ஒன்றும் காதில் விழவில்லை, அவள் விரல்கள் என் பிடரியில் ஜில்லென்று பட்டது மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. தம்பி கல்யாணத்தில் அந்த இரண்டு முடிச்சையும் நான் போட வேண்டும். அவன் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து வீட்டில் சொல்லிச் சொல்லி, எனக்கு அது வேலை, சம்பளம் போல நிச்சயமான ஒன்றாக ஆகிவிட்டிருந்தது.

கோர்ட்டில் இரண்டாவது முறை ஆஜராக வேண்டிய நாள் தை மாதத்தின் முதல் வாரத்தில் வந்தது. கல்யாணம் அதிலிருந்து பதினெட்டாம் நாள்.

அது தெரிந்த மூன்றாம் நாள் அம்மா தோசைக்கு மாவு ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

"ஏட்டி, தீர்ப்பு வந்துட்டா நீ எப்படி முடிச்சுப் போடுவ?"

"ஏன், கை போயிருமா?"

"வெடுக்குனு பேசாத. பொண்ணு வீட்டுக்கு உன் விசயம் தெரியாது. உன் மாப்ளைக்கு வெளியூர்ல சோலின்னு சொல்லி வச்சிருக்கேன். ஒரே ஒரு வாய்தா கேளு. கல்யாணம் முடியட்டும், மறுநாளே போய் வாங்கிக்கோ. நான் குறுக்க நிக்கல."

அம்மாவோடு சண்டை போட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. அந்தப் பதினெட்டு நாளை நான் ஏற்கனவே காலண்டரில் எண்ணிப் பார்த்திருந்தேன். எப்போது முடியும் எப்போது முடியும் என்று கிடந்தவள், இப்போது முடிந்துவிடுமோ என்று பயந்தேன். எனக்கு அந்த முடிச்சைப் போட வேண்டும். அவ்வளவுதான்.

வக்கீல் அண்ணாச்சிக்கு எதைக் கேட்பதானாலும் ஆதாரம் வைக்க வேண்டும். பல்வலிக்கே டாக்டர் சீட்டு வைக்கிறவர். "வாய்தா கேப்போம். தம்பி கல்யாணம்னு காரணம் சொல்லுவோம். பத்திரிகை ஒண்ணு கொண்டாம்மா, கூட வச்சிருவோம்" என்றார். அம்மா வீட்டில் கட்டாக வைத்திருந்த பத்திரிகைகளில் மேலே இருந்ததை எடுத்துத் தந்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. கோர்ட்டுக்குப் போகிற பத்திரிகைக்கும் மஞ்சளா என்று கேட்டதற்கு, "சுப காரியத்துக்கு மொட்டையா குடுப்பாங்களா?" என்றாள். உள்ளே என்ன அச்சடித்திருக்கிறது என்று அம்மாவும் யோசிக்கவில்லை, பிரித்து அண்ணாச்சியும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

ஜட்ஜ் அம்மா பார்த்தார்கள்.

கோர்ட் ஹால் நிறைய ஆள். எங்களைக் கூப்பிட்டதும் நானும் அவரும் முன்னால் போய் நின்றோம். அவர் அன்றோடு முடிந்துவிடும் என்று நினைத்துக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அண்ணாச்சி எழுந்து வாய்தா கேட்டார். ஜட்ஜ் அம்மா பத்திரிகையைப் பிரித்தார்கள், மஞ்சள் பட்ட விரலை ஒரு காகிதத்தில் துடைத்துக்கொண்டார்கள், பிறகு படித்தார்கள். மணமகன் பெயர், மணமகள் பெயர், அவள் அப்பா பெயர், செங்கோட்டை மண்டபம் எல்லாம் வாய்விட்டுத்தான் படித்தார்கள். கடைசி வரியில் நின்றுவிட்டார்கள்.

"தங்கள் நல்வரவை நாடும் மகள், மருமகன்னு போட்டிருக்கு. இந்த மருமகன் யாரு?"

பெயர் அங்கேயே அச்சாகியிருந்தது. அம்மா எங்கள் யாரையும் கேட்காமல் அவர் பெயரைப் போட்டுவிட்டிருந்தாள். அவளுக்கு அது பொய்யாகவே தோன்றியிருக்காது. பத்திரிகை என்றால் மகள் பெயருக்குப் பக்கத்தில் மருமகன் பெயர் வரும், வந்துவிட்டது.

"நீங்க பிரிஞ்சு இருக்கிறதா மனுவில சொல்றீங்க. ஒரு மாசத்துக்கு முன்னால அடிச்ச பத்திரிகையில ரெண்டு பேரும் சேர்ந்து எல்லாரையும் கல்யாணத்துக்கு வரவேற்கிறீங்க. எதை நான் நம்பணும்?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே சேர்ந்துவிடுவோம் என்று அந்த அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது போலிருந்தது. கவுன்சிலிங்குக்கு எழுதி, கல்யாணம் முடிந்த பிறகு ஒரு தேதியும் கொடுத்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள்.

வெளியே வராந்தாவில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆறு வருஷத்தில் நான் பார்க்காத கோபத்தை அன்றைக்குப் பார்த்தேன்.

"எம்பேரப் போடதுக்கு ஒரு வார்த்த கேட்டியளா? எனக்கும் வீட்ல பொண்ணு பாக்காங்க. நான் என்ன சொல்லி அவங்க முன்னால நிக்க? உனக்கு வேணும்னா ஓட்டவும் நிறுத்தவும் இது என்ன உங்க வீட்டு பம்புசெட்டா?"

அவர் கேட்டது நியாயம்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "இனி கூப்பிட்டா வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே செய்தார்.

போனால் போகிறது, முடிச்சுப் போடப் போகிறேனே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அரக்குக் கலரில் பட்டுப்புடவை எடுத்தேன். முடிச்சுப் போடும்போது இடிக்கும் என்று கை மோதிரங்களைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

முகூர்த்தம் காலை ஏழரைக்கு. மணமேடையில் தம்பி தாலியைக் கையில் வாங்கிவிட்டான். "மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி யாரு? முன்னால வாங்க" என்று குரல் வந்தது. நான் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓர் எட்டு வைத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரு."

என்ன என்று புரிவதற்குள் சித்தி மகள் என்னைத் தாண்டி மேடையில் ஏறிவிட்டாள். கெட்டிமேளம் முழங்கியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டான். அவள் மற்ற இரண்டையும் போட்டாள். அம்மா என் கையை விடவில்லை. எல்லாரும் அட்சதையைப் போட்டார்கள். என் இடது கையிலும் கொஞ்சம் இருந்தது, நானும் போட்டேன்.

பிறகுதான் தெரிந்தது. பெண்ணின் தாய்மாமன் ஒருவர் ஏதோ நிலத் தகராறு வழக்குக்காக அன்றைக்குக் கோர்ட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஜட்ஜ் அம்மா மணப்பெண் பெயரை வாசித்ததும் அவர் நிமிர்ந்திருக்கிறார். கல்யாணத்தை நிறுத்தவில்லை, நல்ல மனுசர்கள்தான். கோர்ட்டில் நிற்கிற பெண் தாலியில் கை வைக்க வேண்டாம் என்று மட்டும் நாலு நாளைக்கு முன்னால் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். வாய்தா வாங்கினால் தெரியாது என்று நாங்கள் நினைத்தோம். வாய்தா வாங்கியதால்தான் தெரிந்தது.

"உனக்கும் தெரியுமாலே?" என்று பந்தியில் வைத்துத் தம்பியிடம் கேட்டேன்.

மாலையோடு குனிந்துகொண்டிருந்தான். "நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லலக்கா" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று தாலியைக் கழற்றினேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். கழுத்தில் அது கிடந்த இடம் மட்டும் கொஞ்ச நாள் வெளுப்பாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை மளமளவென்று சொல்லிவிடலாம், நடக்கும்போதுதான் நகரவில்லை. கவுன்சிலிங்குக்கு நான் போனேன், அவர் வரவில்லை. அடுத்த தேதிக்கும் வரவில்லை. மே மாதம் கோர்ட் லீவு. லீவு முடிந்து குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தது, ஊரெல்லாம் துண்டும் எண்ணெயுமாகப் போனார்கள். நான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய் மரப்பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் பெயரை மூன்று தடவை கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் நான் திரும்பி வாசலைப் பார்ப்பேன். கட்டிக்கொண்ட காலத்தில்கூட அந்த மனுசனுக்காக அப்படி வாசலைப் பார்த்ததில்லை. கடைசியில் மனு தள்ளுபடி ஆயிற்று. "ஒருத்தர் வரலைன்னா சம்மதம் எங்கம்மா இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

ஒரு வருஷம் போல அப்படியே கிடந்தது. சட்டப்படி நான் இன்னும் அவர் மனைவி. ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டேன். பிறகு ஒரு ஜூன் மாதம் அவரே போன் செய்தார். பெண் அமைந்துவிட்டதாம், பெண் வீட்டில் அவசரப்படுகிறார்களாம். புது மனு, மறுபடி எட்டுக் கையெழுத்து, மறுபடி ஆறு மாதம். இந்த முறை எல்லாம் அண்ணாச்சி சொன்னபடியே எட்டு மாதத்தில் முடிந்தது. அவர் சொன்ன கணக்கில் பிழை இல்லை, அதற்கு முன்னால் இரண்டு வருஷம் சேர்ந்துகொண்டது அவ்வளவுதான்.

தீர்ப்பு சொல்ல மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. வேறு ஜட்ஜ் வந்திருந்தார். "மனசு மாறலையா?" என்றார். அவர் இல்லை என்றார், நானும் இல்லை என்றேன். வெளியே வந்து அவர் பைக்கை எடுத்தார். அன்றைக்குத் துண்டு கொண்டு வரவில்லை. அருவியில் தண்ணீர் இல்லாத மாதம்.

தீர்ப்பு நகல் வாங்க இன்னும் ஆறு வாரம் ஆயிற்று. அதை பீரோவில் வைத்துப் பூட்டினேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

போன மாதம் தம்பி அவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். அவளுக்கு மூன்று வாரமாக இருமல், டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே எழுதியிருந்தார். தம்பியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளை உள்ளே அழைத்தேன். நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று எல்லாப் பெண்களிடமும் கேட்பது போலக் கேட்டேன், இல்லை என்றாள். கம்மலையும் சங்கிலியையும் கழற்றினாள். தாலி மஞ்சள் கயிற்றில்தான் கிடந்தது. தலைவழியாகக் கழற்றும்போது கொண்டை ஊசியில் மாட்டிக்கொண்டது. இழுத்ததில் முடிச்சு அவிழ்ந்து கயிறு அவள் கையோடு வந்தது. பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல. கயிறு அறல, முடிச்சுதான் அவுந்திருக்கு. தட்டுல வையி" என்றேன்.

படம் எடுத்தேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன், விடச் சொன்னேன். ஆஸ்பத்திரிச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தவள் தட்டிலிருந்த தாலியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, பின்னலை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"கட்டி விடுங்க மதினி."

அந்தப் பெண்ணுக்குக் கள்ளம் இல்லை. ஒன்றும் யோசிக்காமல்தான் திரும்பி நின்றாள். பிடரியில் சின்ன மச்சம் ஒன்று இருந்தது. கல்யாணத்தன்றே நான் பார்த்திருக்க வேண்டிய மச்சம். என் விரல் பட்டதும் தோளைச் சிலிர்த்தாள். முதல் முடிச்சைப் போட்டேன். இரண்டாவதைப் போட்டேன்.

நேரமாகிறதே என்று தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தான். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. குரலில் கடுமை இல்லை. சின்ன வயதில் பாலைக் கொட்டிவிட்டு வந்து நிற்கும்போது பேசுகிற அதே குரல்தான்.

"எக்கா, நீ இரி. ஆயாம்மா அங்கன நிக்காங்க, நான் கூப்பிடுதேன்."

அவள் பின்னலை விடாமல் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் மூன்றாவது முடிச்சைப் போட்டேன். அவிழாத அளவுக்கு இறுக்கிப் போட்டேன்.

"வேண்டாம்லே" என்றேன். "கட்டியாச்சு."

அவன் அவள் கழுத்தைப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.